நழுவும் ஃபோகஸ்

மைக்ராஸ்கோப்பில் ஒரு செல்லைத் தெளிவாகப் பிடித்து வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் படம் மங்கிப் போயிருக்கும். யாரும் குமிழைத் தொட்டிருக்க மாட்டார்கள். இந்தத் தொல்லை பெரிதானது எப்போது தெரியுமா? லென்ஸ் நன்றாக ஆன பிறகுதான்!

1665-இல் 'மைக்ரோகிராஃபியா' வெளியிட்ட ராபர்ட் ஹூக்கின் கருவி அவ்வளவு துல்லியமானதல்ல. இம்மி நகர்ந்தாலும் அதில் வித்தியாசம் தெரியாது.

1878-இல் ஜெர்மனியின் ஜெனா நகரில், சைஸ் நிறுவனத்துக்காக எர்ன்ஸ்ட் அப்பே எண்ணெய் லென்ஸை வடிவமைத்தார். லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். பாக்டீரியாவெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் காட்டியதற்கு இத்தகைய லென்ஸ்கள் கைகொடுத்தன.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. லென்ஸ் அதிக ஒளியை வாங்க வாங்க, தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கிவிடும். நல்ல எண்ணெய் லென்ஸில் அது சுமார் அரை மைக்ரோமீட்டர்தான். 10 செ.மீ. பித்தளையோ, வெப்பம் 1 டிகிரி ஏறினாலே ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் நீளும். அதாவது அந்த ஆழத்தைப் போல நான்கு மடங்கு!

அப்படியானால் கோக் காலத்தில் ஏன் இது பெரிய பேச்சாகவில்லை? காரணம் விரல். கண் பார்க்கும்போதே விரல் குமிழைத் திருகிச் சரிசெய்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்கே அது தெரியாது. 1909-இல் பிரான்சின் ஜான் கொமான்டன் உயிருள்ள கிருமிகளைச் சினிமாவாகக் காட்டினார். அதன்பின் கண் இருந்த இடத்துக்குக் கேமரா வந்தது. இரவு முழுக்க ஆளில்லாமல் படமெடுக்கும் காலமும் வந்தது. காலையில் பார்த்தால் பாதிப் படம் வீண். அதைவிட மோசம், கருவி நகர்ந்ததைச் செல் நகர்ந்ததாக எண்ணிவிடுவது.

சந்தேகம் வந்தால், அசையாத சாயமேற்றிய ஸ்லைடு ஒன்றை வைத்துச் சில மணி நேரம் படமெடுத்துப் பார்ப்பார்கள். ஏ.சி. ஓடி நிற்பதோடு சேர்ந்து படம் ஏறி இறங்கினால் வெப்பம்தான் குற்றவாளி. ஒரே பக்கமாக வேகமாக நழுவினால் பெரிய குமிழின் இறுக்கம் தளர்ந்திருக்கலாம். விளக்கையும் சூடேற்றியையும் முன்கூட்டியே சில மணி நேரம் போட்டு வைப்பது பழைய வழக்கம்.

2000-களில், மூடிக் கண்ணாடியில் அகச்சிவப்புக் கதிரைப் பட்டுத் திரும்பவைத்து, தூரத்தைத் தானே சரிசெய்யும் கருவிகள் வந்தன. உலோகம் நீள்வதை அவை தடுப்பதில்லை. பழைய விரலின் வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் அவை கவனிப்பது கண்ணாடியை மட்டுமே. செல்லே கண்ணாடியை விட்டு எழும்பினால் அவற்றுக்குத் தெரியாது.