சோழியும் வாக்கியமும்: ஒரு பழைய கணிப்பொறி

அண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் 2022இல் டிசம்பர் 6ஆம் நாள் ஏற்றப்பட்டது. 2023இல் நவம்பர் 26. 2024இல் டிசம்பர் 13. 2025இல் டிசம்பர் 3. ஆங்கில நாட்காட்டியில் இந்த நாள் முன்னும் பின்னுமாக நகர்வதற்குச் சந்திரனே காரணம். கார்த்திகை மாதத்தில் முழுநிலவை ஒட்டி, சந்திரன் கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகே வரும் நாளே தீபத் திருநாள். இந்த நாளைப் பஞ்சாங்கம் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் இத்தகைய கணக்கை எப்படிப் போட்டார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

1825ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்பவர் 'காலசங்கலித' என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டார். சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றிருந்தவர் இவர். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய முறையை வாரன் இந்நூலில் பதிவு செய்தார். அந்தக் கணிதர் தாளையோ எழுதுகோலையோ தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி எண்களாக அடுக்கினார், கூட்டினார், கழித்தார். தேவையான அட்டவணைகள் எல்லாம் அவர் நினைவில் இருந்தன.

இன்றைய சொற்களில் கூறினால் சோழிகள் வன்பொருள். மனத்தில் இருந்த அட்டவணையும் செய்முறையும் மென்பொருள். இந்த மென்பொருள் எவ்வாறு வேலை செய்தது?

சந்திரன் பூமியைச் சீரான வேகத்தில் சுற்றுவதில்லை. அருகில் வரும்போது விரைவாகவும், தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் நகர்கிறது. ஓர் அண்மை நிலையிலிருந்து அடுத்த அண்மை நிலைக்கு வர ஏறத்தாழ 27.5546 நாட்கள் ஆகின்றன. இதை 9ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 248 நாட்கள். ஆகவே 248 நாட்களுக்கும் சந்திரனின் இருப்பிடத்தை ஒரு முறை அட்டவணையிட்டால் போதும். அதன்பின் அதே வேக மாற்றம் மீண்டும் வரும். தொடக்க இடம் மட்டும் சுமார் 27 பாகை 44 கலை முன்னே தள்ளியிருக்கும்.

இதைவிடப் பெரிய சுழற்சிகளும் உண்டு. 110 சுற்றுகளுக்கு 3,031 நாட்கள்; 449 சுற்றுகளுக்கு 12,372 நாட்கள். ஒரு தொடக்க நாளிலிருந்து 20,000 நாட்கள் சென்றிருப்பதாகக் கொள்வோம். முதலில் 12,372ஐக் கழிக்க 7,628 மீதி. அதில் 3,031ஐ இரு முறை கழிக்க 1,566. அதில் 248ஐ ஆறு முறை கழிக்க 78. இப்போது 78ஆம் நாளுக்குரிய எண்ணை நினைவுகூர்ந்து, கழித்த ஒவ்வொரு சுழற்சிக்கும் உரிய நகர்வைக் கூட்டினால் சந்திரனின் இருப்பிடம் கிடைத்துவிடும். பெருக்கலுக்கோ கோண அளவியலுக்கோ இங்கே வேலை இல்லை. 248, 3,031 என்னும் இதே எண்கள் எகிப்தில் கிடைத்த கிரேக்க பாப்பிரஸ் ஏடுகளிலும் காணப்படுகின்றன என்பது வியப்புக்குரியது.

248 எண்களை மறக்காமல் வைத்திருப்பது எப்படி? அதற்குத்தான் 'வாக்கியங்கள்'. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எழுத்துகளைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்தார்கள். கடபயாதி எனப்படும் இம்முறையை இசை பயில்வோர் அறிவார்கள். மாயாமாளவகௌள ராகத்தின் பெயரில் 'மா' 5ஐயும் 'யா' 1ஐயும் குறிக்கும். வலமிருந்து இடமாகப் படித்தால் 15. அது 15ஆவது மேளகர்த்தா. இதே வழியில் அமைந்த சந்திர வாக்கியங்களை வரருசி இயற்றினார் என்பது மரபு. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரும் இதனால் வந்ததே.

இக்கருவி எவ்வளவு துல்லியமானது? வெள்ளியின் சூரியக் கடப்பைக் காணப் புதுச்சேரிக்கு வந்து, 1769இல் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்டி, தமிழர்களின் கணித முறையைக் கேட்டறிந்தார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிதம் 41 விநாடி குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிக் காட்டியது. ஆனால் வாரன் பதிவு செய்த 1825 கிரகணத்தில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. ஒரு வெற்றியை மட்டும் வைத்துக் கருவியை மதிப்பிடலாகாது என்பதை இது காட்டுகிறது.

இங்கே இயற்பியல் மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சூரியனின் ஈர்ப்பும் சந்திரனின் வேகத்தை மாற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சந்திரன் தன் சராசரி இடத்திலிருந்து அதிகமாக 5 பாகை வரை விலகும். அரைநிலவின்போது இந்த விலக்கம் ஏழரைப் பாகையை எட்டலாம். வாக்கிய முறையில் 5 பாகை மட்டுமே உண்டு. சூரியனை நோக்கச் சந்திரன் மணிக்கு அரைப் பாகை நகர்வதால், விடுபட்ட இரண்டரைப் பாகை 5 மணி நேரப் பிழையாகிறது. அதனால்தான் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் பௌர்ணமியில் நெருங்கி நின்று, அஷ்டமியை ஒட்டிப் பெரிதும் வேறுபடுகின்றன. திதி பார்க்கும் குடும்பங்களில் எழும் வாதங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த இரண்டரைப் பாகைதான்! கிரகணங்களைக் கொண்டு சரிபார்க்கப்படும் கருவி, கிரகணம் நிகழும் நாட்களுக்கே நன்கு பொருந்துகிறது.

புதுச்சேரிக் கணிதருக்கு நினைவாற்றல் அபாரம். ஆனால் கணக்கின் அடிப்படைக் கொள்கை அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதினார். இதைக் குறையாக மட்டும் கொள்ள வேண்டாம். கொள்கை அறியாதவரும் சரியான விடை பெறும்படி ஒரு செய்முறையை அமைப்பது அதை ஆக்கியவரின் திறமை. ஆயினும் வானம் கணக்கிலிருந்து விலகும்போது, செய்முறையைத் திருத்தக் கொள்கை அறிந்தவர் தேவை. கேரளத்துப் பரமேஸ்வரர் பல ஆண்டுகள் கிரகணங்களை நேரில் பார்த்து 1431இல் 'திருக்கணித'த்தை வகுத்தார். சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்து, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, புதிய அளவுகளைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த முயன்றார்.

மாணவர்களே, இன்று உங்கள் கைப்பேசி நொடிப்பொழுதில் விடை தருகிறது. அதைப் பயன்படுத்துங்கள். கூடவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதன் உள்ளே இருக்கும் கணக்கு என்ன? எந்த நிலையில் இதைச் சோதித்தார்கள்? கடைசியாகத் திருத்தியது எப்போது? அடுத்த சந்திர கிரகணத்தன்று நிழல் தொடும் நேரத்தையும் விலகும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இரு பஞ்சாங்கங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குத் தொலைநோக்கி வேண்டாம். ஒரு கடிகாரமும் மேகமற்ற வானமும் போதும்.