சஹனா: சுனாமியில் பிறந்த மென்பொருள்



ஐசிடி பாடத்தில் சார்பு, பரமானம் என்று, அதாவது பங்ஷன், பராமீட்டர் என்று வந்தால் பிள்ளைகள் "இது எதுக்கு சேர்?" என்பார்கள். நான் சுனாமியில் இருந்து தொடங்குவேன்.

2004 டிசம்பர் 26. யாரைக் காணவில்லை, யார் எந்த முகாமில் என்று பார்க்க ஒரே பட்டியல் இல்லை. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனோடு சேர்ந்த தொண்டர்கள் அவசரமாக ஒரு மென்பொருள் எழுதினார்கள். பெயர் சஹனா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

பிறகு எந்த அனர்த்தத்துக்கும் பொருந்தும்படி அதைத் திரும்ப எழுதினார்கள். பாடமே இதுதான். ஆள் தேடும் சார்புக்குள் 'காலி' என்று எழுதிவிட்டால் அது காலியில் மட்டுமே தேடும். ஊரையும் பெயரையும் பரமானமாக வெளியில் இருந்து கொடுத்தால், அதே சார்பு எங்கேயும் தேடும். திறந்த மூல நிரல் என்பதால் யாரும் எடுத்துத் தங்கள் நாட்டுக்கு மாற்றலாம். 2005 பாகிஸ்தான் பூகம்பம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010 ஹெய்ட்டி என்று சஹனா போனது.

2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை நமக்குப் பக்கத்து மலை. மண்ணுக்குள் எத்தனை பேர் என்று அன்று ஆளுக்கொரு எண் சொன்னார்கள். எவ்வளவு நல்ல சார்பு இருந்தாலும், கொடுக்கப் பெயர்ப் பட்டியல் இல்லாவிட்டால் அது எதைத் தேடும்?

மழைக்கு முன் ஒவ்வொரு லயத்திலும் இருப்பவர்களின் பெயர்களை எழுதி, ஒரு பிரதியைக் கிராம சேவகரிடம் கொடுத்து வைப்போம். பிள்ளைகளே இதைச் செய்வார்கள்.