ஃபிளாஷ் நினைவகம்

மின்சாரம் நின்ற பின்பும் தரவை இழக்காத குறைகடத்திச் சில்லு. பென்டிரைவ், மெமரி கார்டு, கைபேசிச் சேமிப்பகம், எஸ்எஸ்டி எல்லாவற்றிலும் இருப்பது இதுவே. இதன் அடிப்படை வடிவம், மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட 'மிதக்கும் வாயில்' ஒன்றில் எலக்ட்ரான்களை அடைத்துவைத்துத் தரவைக் காக்கிறது.

தோற்றம்

மிதக்கும் வாயிலை 1967இல் பெல் ஆய்வகத்தின் டாவோன் காங், சைமன் சே இருவரும் முன்வைத்தனர். அதைக் கொண்டு இன்டெல்லின் டோவ் ஃப்ரோமன் 1971இல் ஈப்ராம் சில்லை உருவாக்கினார். அதிலுள்ள தரவை அழிக்கப் புற ஊதா ஒளி தேவைப்பட்டது. பின்னர் வந்த ஈஈப்ராமை மின்சாரத்தாலேயே அழிக்க முடிந்தாலும், ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே அழிக்கும் அமைப்பால் சில்லின் பரப்பும் விலையும் கூடின. தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோக்கா அந்த வசதியைக் கைவிட்டு, பெரும் தொகுதியை மொத்தமாக அழிக்கும் வழியைக் கண்டார். கேமரா ஃபிளாஷ் மின்னுவதை இது நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஷோஜி அரியிசுமி இப்பெயரைச் சூட்டினார்.

வகைகள்

மசுவோக்கா 1984இல் அறிவித்த 'நார்' வகையில் எந்த பைட்டையும் நேரடியாகப் படிக்கலாம். எனவே கருவியை இயக்கும் நிரல்களுக்கு அது ஏற்றது. 1987இல் அறிவித்த 'நேண்ட்' வகையில் நினைவக அறைகள் சரம்போல் கோக்கப்பட்டிருப்பதால் குறைந்த இடத்தில் மிகுதியான தரவு அடங்கும். கையடக்கச் சேமிப்புக்கு வழிவிட்டது இதுவே.

ஓர் அறையில் 1 பிட் வைப்பது எஸ்எல்சி. 2, 3, 4 பிட் வைப்பவை முறையே எம்எல்சி, டிஎல்சி, க்யூஎல்சி. 2013இல் சாம்சங், அறைகளை 24 அடுக்குகளாக உயர்த்திய சில்லுகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது.

கையடக்கச் சாதனங்கள்

சான்டிஸ்க் 1994இல் காம்பேக்ட்ஃபிளாஷ் அட்டையை வெளியிட்டது. சோனியின் மெமரி ஸ்டிக் 1998இல் வந்தது. மறு ஆண்டு சான்டிஸ்க், மட்சுஷிதா, தோஷிபா மூன்றும் சேர்ந்து அறிவித்த எஸ்டி கார்டே நிலைத்தது. 2005இல் வந்த மைக்ரோஎஸ்டி 15 × 11 மில்லிமீட்டர் அளவே கொண்டது. கைபேசிகளில் அது இடம்பிடித்தது. 2000இல் சிங்கப்பூரின் டிரெக், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனங்களின் யூஎஸ்பி டிரைவுகள் சந்தைக்கு வந்தன. அவற்றின் 8 மெகாபைட் கொள்ளளவு, 1.44 மெகாபைட் ஃபிளாப்பியைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

வரம்புகள்

ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் மின்காப்புப் படலம் சிறிது தேய்கிறது. அறைக்குள் பிட்டுகள் கூடக்கூட, மின்னூட்ட அளவுகளின் இடைவெளி சுருங்கி ஆயுளும் குறைகிறது. பயன்படுத்தாமல் வைத்தாலும் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். ஆகவே தரவை எடுத்துச்செல்ல ஃபிளாஷ் மிகச் சிறந்த கருவி; ஆனால் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் ஒரே பென்டிரைவை நம்பி விட்டுவிடக் கூடாது. வேறோர் இடத்திலும் படியெடுத்து வைப்பதே பாதுகாப்பு.