நடக்கற வேகத்துக்கு எதுக்குத் தொப்பி?

கோப்பெங் பக்கம் கைவிடப்பட்ட ஈய லம்பம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ட்ரையல்ஸ் மோட்டார் ஓட்டுகிறவர்கள். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன், இது ரேஸ் இல்லை. உட்கார சீட்டே இல்லாத, 70 கிலோவை ஒட்டிய மோட்டாரில் நின்றபடியே பாறை, ஓடை, வேர், சேறு என்று கயிறு கட்டிக் குறித்த ஒரு சின்னப் பகுதியைக் கடக்க வேண்டும். கால் ஒரு முறை தரையில் பட்டால் 1 புள்ளி தண்டம், இரண்டு முறை பட்டால் 2, அதற்கு மேல் எத்தனை முறை பட்டாலும் 3. விழுந்தால் 5. குறைந்த தண்டம் வாங்கியவர் ஜெயித்தவர். வேகத்துக்கு இங்கே மரியாதை கிடையாது.

நான் ஓட்டுவதில்லை. நண்பரோடு போய் மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன், அவர்கள் பேச்சைக் கேட்பேன். பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டை மூடி, சுறாவின் துடுப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அது வேண்டாமென்று ஒருவரும் சொன்னதில்லை. விழுகிற மோட்டாரைப் பிடிக்கப் போய் சங்கிலிக்கும் பல்லுக்கும் நடுவே விரலைக் கொடுத்தவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கயிறும் அப்படித்தான். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இஞ்சின் நின்றுவிடும். அதிலும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் தலையைப் பற்றித்தான்.

“அண்ணே, நடக்கற வேகத்துலதான் போறோம். இதுக்கு எதுக்குத் தொப்பி? வேர்த்து ஊத்துது லா,” என்றான் ஒரு தம்பி, போன மாதம். சுற்றி இருந்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. இதே வாக்கியத்தை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன்.

சித்தப்பா தோட்டத்து ரப்பர் புகைக்கூடத்தில் வேலை பார்த்தார். காப்சாயின் முன்கூடையில் தொப்பி எப்போதும் இருக்கும், பெரிய ரோட்டுக்குப் போகும்போது மட்டும் தலைக்கு ஏறும். தோட்டத்துக்குள்ளே போலிஸ் ஏது? 1991இல் ஒரு மழைநாள் மாலை, செம்மண் பாதையில் ஊர்ந்து வந்தவர் வழுக்கி, கால்வாய்ப் பாலத்தின் சிமெண்டு விளிம்பில் தலையைக் கொடுத்தார். எழுந்து மோட்டாரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சின்னம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்தார். ராத்திரி வாந்தி எடுக்க ஆரம்பித்தார்.

அந்தத் தம்பியின் கேள்வி நியாயமானதுதான், பழசும்கூட. அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்குப் பட்டது இது: மோட்டார் ஓட்டுகிறவன் தொப்பியைக் கண்டுபிடிக்கவில்லை. மண்டையைத் திறந்து பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஓட்டுகிறவன் ஒவ்வொரு முறையும் வேண்டாமென்றுதான் சொல்லியிருக்கிறான்.

இங்கிலாந்தில் ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயத் தளத்தின் மருத்துவராக இருந்தவர் எரிக் கார்ட்னர். விழுந்தவர்களின் தலைகளைப் பார்த்துப் பார்த்து, கித்தான் துணியில் அரக்குப் பூசி ஒரு தொப்பி செய்ய வைத்தார். முதலில் எதிர்ப்பு. ஆனாலும் 1914இல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் அது கட்டாயமானது. வருடா வருடம் சுவாரசியமான மூளை அதிர்ச்சி கேஸ்கள் வரும், இந்த வருடம் ஒன்றுகூட வரவில்லை என்று அந்தத் தீவின் மருத்துவரிடமிருந்து அவருக்குச் செய்தி வந்ததாகச் சொல்வார்கள். தொப்பிக்குக் கிடைத்த முதல் விமர்சனமே ஒரு டாக்டரின் ஏமாற்றம்!

அடுத்தது அரேபியாவின் லாரன்ஸ். டி. ஈ. லாரன்ஸ் 1935 மே 13 அன்று டார்செட்டில் தன் வீட்டருகே ப்ரஃப் சுப்பீரியர் மோட்டாரில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்கத் திருப்பி, தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். 1941இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் ஓட்டியவர்களும் பின்னால் அமர்ந்தவர்களுமாக 2,279 பேர் இறந்திருந்தார்கள். கவசம் போட்டு விபத்துக்குள்ளான ஏழு பேரை மட்டுமே அவரால் பார்க்க முடிந்தது. ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். ஏழு என்பது சின்ன எண், அது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். அந்த ஆண்டு நவம்பரிலேயே ராணுவம் தன் ஓட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டம் வர 1973 வரை ஆனது. கெய்ர்ன்ஸ் 1952இலேயே இறந்துவிட்டார்.

இந்த இடைவெளியில்தான் ட்ரையல்ஸின் பொற்காலம் வருகிறது. ஸ்காட்லாந்தில் 1909இல் தொடங்கிய ஆறு நாள் ட்ரையலின் 1960களின் படங்களைப் பாருங்கள். மழைக்கு மெழுகுத்துணி உடை இருக்கும். பார்பர் கம்பெனி 1936இல் இந்த மாதிரிப் போட்டிகளுக்கென்றே அதைச் செய்தது. முழங்கால்வரை பூட்ஸ் இருக்கும். தலையில்? தட்டையான துணித்தொப்பி, இல்லாவிட்டால் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி. குளிரும் ஈரமும் எதிரிகள், பாறை எதிரியில்லை. என்ன கணக்கோ!

அந்தக் காலத்து ராஜா பெல்ஃபாஸ்ட்காரர் சாமி மில்லர். ஜிஓவி 132 என்ற எண் பலகையோடு அவர் ஓட்டிய 500 சிசி ஏரியல் மோட்டாரை வருடக்கணக்காக இழைத்து இழைத்து இளைக்க வைத்தார். இரும்பு இருந்த இடத்தில் அலுமினியம், தகர டேங்கு இருந்த இடத்தில் ஃபைபர். பிறகு 1964இன் கடைசியில் ஸ்பெயினின் புல்டாக்கோ கம்பெனிக்குப் போய், 90 கிலோ சுமாருக்கு ஷெர்பா டி என்ற டூ ஸ்ட்ரோக் மோட்டாரை உருவாக்கிக் கொடுத்தார். 1965இல் அதே ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை அதில் ஜெயித்தார். கனமான பிரிட்டிஷ் மோட்டார்களின் காலம் அதோடு போயிற்று.

மோட்டார் இளைத்ததும் வேறொன்று நடந்தது. முன்பு சுற்றிக்கொண்டு போன பாறையில் இப்போது ஏற முடிந்தது. ஏற முடிந்ததால் போட்டி வைப்பவர்கள் பாறையை உயர்த்தினார்கள். இன்று ஸ்பெயினின் டோனி போவ் ஆள் உயரத்துக்கும் மேலான கல்லில் ஏறுகிறார். வேகம் நடக்கிற வேகம்தான். விழுகிற உயரம் மட்டும் வேறு.

தம்பியின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். தொப்பியைச் சோதிக்கிற கூடத்தில் மோட்டாரும் இல்லை, ரோடும் இல்லை. தலை மாதிரி ஓர் உலோக உருண்டைக்குத் தொப்பியை மாட்டி, மேலேயிருந்து இரும்புப் பலகைமேல் போடுகிறார்கள். நீண்ட காலம் நடப்பில் இருந்த ஐரோப்பிய விதியின்படி அது மோதும் வேகம் நொடிக்கு 7.5 மீட்டர். மணிக்கு 27 கிலோமீட்டர், அவ்வளவுதான். ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தலை. 1.7 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நின்ற இடத்திலிருந்து விழுகிற தலைக்கே தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். ஹைவேயில் 110இல் போகிறவனுக்கு அந்தச் சோதனை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வாதாடலாம். நடக்கிற வேகத்தில் போய்ப் பாறையிலிருந்து சரிகிறவனுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. உள்ளே இருப்பது பாசாரில் மீன் வருகிற வெள்ளைப் பெட்டியின் அதே நுரைதான். தலைக்குப் பதிலாக அது நசுங்கும். ஒரு முறைதான் நசுங்கும்.

இதையெல்லாம் சொன்னால் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்களா? ஃப்ரெட் ஹில் என்ற ஆங்கிலேயர் இருந்தார். போரில் ராணுவச் செய்தி கொண்டுபோன மோட்டார் ஓட்டி, பிறகு கணக்கு வாத்தியார். 1973 சட்டத்துக்குப் பிறகும் கவசம் போட மாட்டேன் என்று பெரே தொப்பியோடு ஓட்டினார். அபராதத்தையும் கட்ட மறுத்து 31 முறை சிறைக்குப் போய், 1984இல் 74 வயதில் சிறைத்தண்டனையின்போதே மாரடைப்பில் இறந்தார். அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தலை என்னுடையது என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் சித்தப்பாவின் தலை சித்தப்பாவுடையது மட்டும்தானா? அந்த மூன்று வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்தது சின்னம்மா.

மலேசியாவிலும் தலைக்கவச விதிகள் அதே 1973இல்தான் வந்தன, தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு விலக்கோடு. மலேசியத் தரநிலைகளின் வரிசையில் எம்எஸ் 1, அதாவது முதல் எண், தலைக்கவசத்துக்குரியது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த நாடு எண் போட ஆரம்பித்தபோது முதலில் எழுதிக்கொண்டது மோட்டாரில் போகிறவனின் தலையை.

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுந்திருக்கும் என்றார் டாக்டர். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் பதமாகிவிட்டதா என்பதை மோந்து பார்த்தே சொல்கிறவர் அவர். பக்கத்தில் நிற்கும் பையனிடம் “வாடை வருதாடா?” என்று கேட்டுக் கேட்டு இன்னும் நாலு வருடம் அந்த வேலையை ஓட்டினார்.

தோட்டம் போய் இப்போது தாமானில் இருக்கிறார். போன வாரம் போயிருந்தேன். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தொப்பி முன்கூடையில் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “இங்கதாண்டா, முக்குக் கடை,” என்றார்.