சிவகாசியில் விழுந்த கோதுமை மணி

ஜெபம் ஒரு போராட்டம் என்று நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் அப்போராட்டம் யாரோடு என்று கேட்டால், நம் விடை தெளிவாக இருப்பதில்லை. இக்கேள்விக்கு நம் வட்டாரத் திருச்சபையின் வரலாறு நமக்கு ஒரு பாடத்தை வைத்திருக்கிறது.

கேம்பிரிட்ஜில் கல்வியாளராய் விளங்கிய தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் ஐயர், சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராகச் சென்னையில் பணியாற்றினார். பின்பு அந்த மேசையை விட்டு, 1854இல் ஃபென், மெடோஸ் என்னும் இளைய ஊழியர் இருவருடன் வட திருநெல்வேலியில் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தீப்பெட்டித் தொழில் தலையெடுக்க இன்னும் எழுபது ஆண்டுகள் இருந்தன. அவர்கள் ஊர் ஊராய்க் கூடாரம் அடித்துத் தங்கினர். தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பித் துணைநின்றன.

பலன் சொற்பமே. நுரையீரல் நோயால் நலிந்திருந்த ராக்லண்ட், 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தம் கக்கி மரித்தார். அப்போது அவருக்கு வயது 43. யோவான் 12:24 கூறும் கோதுமை மணியின் வழியே ஊழியத்தின் நிச்சயமான வழி என்பது அவரது உறுதி. வெற்றியைக் கண்ணால் காணவேண்டும் என்னும் ஆசையே ஊழியனின் முதல் போர்க்களம். அங்கே அவர் தோற்கவில்லை.

எபேசியர் 6:12இல் பவுல், நம் போராட்டம் மனிதரோடு அன்று எனத் தெளிவுபடுத்துகிறார். அக்கால மிஷனெரி எழுத்துகள் கிராம வழிபாட்டைப் ‘பேய் வணக்கம்’ என்றே குறித்தன. அச்சொல்லிலிருந்து வணங்குகிறவரையே பகைவராய்க் காண்பதற்கு அதிக தூரமில்லை. இந்த ஆபத்து நம்மையும் விட்டபாடில்லை.

இதற்கு எதிரான தவறும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய சாவுகளுக்குப்பின் போதகர் ‘இது சாத்தானின் செயல்’ என்று கூறி முடித்துவிடுவது எளிது. நானும் ஓர் அடக்க ஆராதனையில் அப்படிச் சொன்னதுண்டு. அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்த விதவையின் முகம் இன்றும் என்னைக் குற்றப்படுத்துகிறது. அளவுக்கு மிஞ்சிய மருந்துக் கலவை, அனுமதிக்கு மிஞ்சிய ஆட்கள், தீபாவளி அவசரம், முன்பணக் கடன் ஆகியவை மனிதர் செய்பவை. ஆயினும் ஒரு தனி மனிதனைத் தண்டிப்பதால் அவை ஒழிவதில்லை. பவுல் சொல்லும் அதிகாரங்கள் இத்தகைய பிடியையும் உள்ளடக்கியவை என்றே நான் கருதுகிறேன். அதன் பெயரைச் சொல்ல மறுக்கும் ஜெபம் போராட்டமாகாது.

ராக்லண்டின் ஜெபம் அவரை மேசையிலிருந்து எழுப்பிக் கரிசல் மண்ணில் கூடாரம் அடிக்கச் செய்தது. நம் ஜெபம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? ஆலை வாசலுக்கும், விதவையின் வீட்டுத் திண்ணைக்கும் நாம் போகாதிருந்தால், நாம் இன்னும் போர்க்களத்தில் கால் வைக்கவில்லை.