செபராங் ஜெயா: எல்லா வயதினர்க்குமான தேகப்பயிற்சி

பினாங்கு மாநிலத்தின் தீபகற்பக் கரையில், 1969இல் தோன்றிய பினாங்கு அபிவிருத்திக் கழகம் எழுபதுகளில் உருவாக்கிய புதுநகரம் செபராங் ஜெயா. வெல்லஸ்லி மாகாணம் என்று முன்னாளில் வழங்கிய இப்பிரதேசத்தில், முதலில் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் பாடுபட்ட தமிழர்க்குத் தேகப்பயிற்சி என்று தனியே ஒன்று வேண்டியிருக்கவில்லை. விடியுமுன் தொடங்கிய வேலையே சரீரத்தைப் பிழிந்தது, மாலையில் இளைஞர்க்குத் தோட்டத்துத் திடல் இருந்தது. தொழிற்சாலைக்கும், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் குடிபெயர்ந்த சந்ததிக்கோ அவ்வுழைப்பும் போயிற்று, அத்திடலும் போயிற்று.

இந்நஷ்டத்தின் அளவை மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது: நாட்டில் வயதுவந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு நீரிழிவு, நால்வரில் ஒருவர்க்குப் போதிய உடலியக்கம் இல்லை. நீரிழிவு இந்திய வம்சத்தாரிடையே மற்ற இனத்தாரினும் மிகுதி என்பது தமிழர் பராமுகமாய் இருக்கத்தக்க செய்தியன்று.

மலேசிய தேசிய விளையாட்டுக் கொள்கை, 1988இலேயே, உயர்தரப் போட்டி விளையாட்டோடு வெகுஜன விளையாட்டையும் அரசின் கடமையாக அங்கீகரித்தது. 2015 முதல் அக்டோபர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை தேசிய விளையாட்டு தினமாகவும் கொண்டாடப்படுகிறது. எனினும் பதக்கத்துக்குக் கிடைக்கும் பிரசித்தி, தாமான் பூங்காவில் காலையில் கைவீசி நடக்கும் பாட்டிக்குக் கிடைப்பதில்லை. அவளுக்கு ஆதாரமாய் நிற்பது அண்டை அயலாரின் கூட்டுறவே.

அக்கூட்டுறவு பலர் கைகளால் ஆனது. 2019இல் மாநகர அந்தஸ்து பெற்ற செபராங் பிறையின் மாநகர் மன்றம் பூங்காக்களைப் பராமரிக்கிறது. செபராங் ஜெயாவின் தாமான் துங்கு அவற்றுள் ஒன்று. இரவுக் காவலுக்காக 1975இல் ஏற்பட்ட ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் அமைப்பு, காலப்போக்கில் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப் பணியையும் குடும்ப விளையாட்டுகளையும் தன் பணியாக்கிக்கொண்டது. 2013இல் சுகாதார அமைச்சு தொடங்கிய கோஸ்பென் திட்டத்திலோ, பயிற்சி பெற்ற தொண்டர்களே தம் வட்டாரத்தாரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் எடையையும் சோதித்து, அவர்களை உடலியக்கத்தில் ஈடுபடுத்துகின்றனர். அறிமுகமானவர் அழைப்புக்கு உள்ள வலிமை அரசாங்கச் சுவரொட்டிக்கு இல்லை என்பதே இதன் சூட்சுமம்.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020இல் வகுத்தபடி, சிறுவர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான இயக்கமும், வயதுவந்தோர்க்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான இயக்கமும் வேண்டும். 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு, விழாதிருக்கும் பொருட்டு, உடற்சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாளேனும் அவசியம். பந்தாட்டத் திடல் மாத்திரம் உள்ள ஊரில் இம்மூன்றாம் தேவை நிறைவேறாது. நிழலுள்ள நடைபாதையும், பிடிமானக் கம்பியும், வீட்டு வேலை முடிந்த பெண்கள் அச்சமின்றி வந்து போகும் வெளிச்சமும் அதற்கு முதற்கண் வேண்டியவை.