இடையில் தொங்கிய வெள்ளிக் கத்தி



கத்தி என்றதும் போர்க்களமும் வீரனுமே நம் நினைவிற்கு வருதல் இயல்பு. பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்த யானும் வாளையும் ஈட்டியையும் மன்னர் வரலாற்றோடு மட்டுமே சேர்த்துக் கற்பித்தவன். ஆயினும் பெண்ணின் இடையில் அணிகலனாய்த் தொங்கிய கத்தியும் உண்டு. அதனைக் காண நாம் பால்கன் தீபகற்பத்தின் மலைகளுக்குச் செல்லல் வேண்டும்.

கிரேக்க நாட்டின் வடமேற்கே பிண்டஸ் மலைத்தொடர் அமைந்துள்ளது. அங்கே ஆடு மேய்த்து வாழ்ந்தோருள் சரகாட்சானியரும் விளாக்கரும் குறிப்பிடத்தக்கவர். முன்னவர் கிரேக்க மொழி பேசுவோர். பின்னவர் இலத்தீன் வழிவந்த மொழி பேசுவோர். புனித ஜார்ஜின் திருநாள் வரும் ஏப்ரல் இறுதியில் மந்தையோடு மலையேறுவதும், புனித டிமெட்ரியஸின் திருநாள் வரும் அக்டோபர் இறுதியில் சமவெளிக்கு இறங்குவதும் சரகாட்சானியரின் மரபு. நிலையான வீடும் நிலமும் இல்லாத அவர்க்குச் செல்வமாவன மந்தையும், மகளிர் அணிந்த வெள்ளியுமே.

அவ்வெள்ளியணிகளுள் ஒன்று ‘சுயாஸ்’. கிரேக்க மொழியில் இச்சொல் மடக்குக் கத்தியைக் குறிக்கும். இடைக் கச்சையிலிருந்து வெள்ளிச் சங்கிலிகள் தொங்க, அவற்றின் நுனியில் சிறு கத்தி அமையும். இத்தகைய வெள்ளி வேலைக்குப் பெயர் பெற்றவை யானினா நகரும், கலாரீட்டெஸ் போன்ற மலையூர்களும். மெல்லிய வெள்ளிக் கம்பியை முறுக்கிப் பின்னும் வேலையும், செதுக்கிய கோடுகளிற் கருங்கலவையை உருக்கி நிரப்பும் வேலையும் அவ்வூர்க் கொல்லர்க்குக் கைவந்த கலைகள். 1821இல் எழுந்த கிளர்ச்சியின்போது கலாரீட்டெஸ் அழிவுற்றது. கொல்லர் பலர் வேற்றூர்களுக்குச் சிதறினர். எனினும் அவர்தம் கைத்திறம் அழியவில்லை.

பெண்ணுக்குக் கத்தி எதற்கு எனக் கேட்கலாம். சரகாட்சானிப் பெண்ணின் அன்றாட வாழ்வே அதற்கு விடை. குடிசை கட்டுவோள் அவள். நீர் சுமப்போள் அவள். வழிநடையிலும் நூல் நூற்போள் அவள். நூலையும் கயிற்றையும் அறுக்க வேண்டியவள் கத்தியை இடையிற் கட்டுதல் இயல்பன்றோ? உழைப்பின் கருவி வெள்ளியால் அழகு பெற்றது. காலப்போக்கில் அழகே மிகுந்து, கத்தி பெயரளவில் நின்றது என்பது என் கருத்து.

இவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1912–13 பால்கன் போர்களுக்குப் பின் புதிய எல்லைக்கோடுகள் மந்தைகளின் பழைய வழிகளைக் குறுக்கிட்டன. கிரேக்க அரசின் 1938ஆம் ஆண்டுச் சட்டம் நாடோடிகளைக் கோடைகால மலையூர்களின் குடிகளாகப் பதிவு செய்தது. பல்கேரியாவில் 1950களில் மந்தைகளே அரசுடைமையாயின. கூட்டத்தார் ஊர்களில் தங்கினர்.

இன்று யானினாக் கோட்டையில் 2016இல் திறக்கப்பட்ட வெள்ளிக்கலைக் காட்சியகத்தில் இம்மரபின் கைவினையைக் காணலாம். கண்ணாடிப் பேழையுள் அணி பிழைத்திருப்பது நன்றே. ஆனால் அரசரின் வாளுக்கு உரியவன் பெயரைப் பலகை கூறும். நடந்து நடந்து குடும்பத்தைக் காத்தவளின் கத்திக்கு எப்பெயரும் இராது. பெயரில்லாதாரின் வரலாற்றையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நம் கடன்.